பெரியநாயகி என்னும் பெயர்

விருத்தாசலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், முன்னோர் கோயிலில் தொடங்குவர். நாமோ இக்காலத்தில் பீங்கானில் தொடங்கவேண்டியிருக்கிறது. பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் பயிற்சி நிலையமும் அமைந்த ஊர் அது. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே மூடிக்கிடக்கும் மண்ணை அகழும்போது வெண்களிமண்ணும் வெளிப்படுகிறது. அந்த மண்ணும், அதைப் பதமறிந்து கையாளும் மக்களும் சேர்ந்து அவ்வூருக்குப் புதியதொரு பெயரைத் தேடித் தந்திருக்கிறார்கள்.

அங்கே ஒரு சிறு பட்டறையைப் பார்க்கச் சென்றிருந்தேன். களிமண்ணை நீரிற் கரைத்துக் குழம்பாக்கிப் பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்கிறது. உட்சுவரில் மண் ஒரு தோல்போலப் படிகிறது. நடுவில் எஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிட்டு, சற்று நேரம் கழித்து அச்சைப் பிரித்தால், உள்ளே வெற்றிடமான பொம்மை ஒன்று வெளிவருகிறது. அப்படி வெளிவந்த பொம்மைகள் ஒரு பலகையின்மேல் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. பிள்ளையார் இருந்தார். அவரை அடுத்து, கையில் கோல் ஊன்றிய தாடிக்காரர் ஒருவர் நின்றார். அவர் யாரென்று எனக்குத் தெரியும், ஆயினும் ஈரத்துணியால் பொம்மைகளின் ஓரங்களைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மையாரிடம், "இவர் யார் அம்மா?" என்று கேட்டேன்.

"மாதாவோட வீட்டுக்காரருங்க. தச்சு வேலை செஞ்சவரு. கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைப்பாங்க" என்றார்.

"நீங்கள் அந்த மதத்தைச் சேர்ந்தவரா?"

"இல்லைங்க. பொம்மை செய்யறதால தெரியும்."

கிறிஸ்து பிறந்த வரலாற்றிலே நம் கவனத்தை எளிதில் தப்பிவிடும் மனிதர் அந்தச் சூசையப்பர். அவர் சொன்னதாக ஒரு சொல்லும் நற்செய்தி நூல்களில் இல்லை. அத்தகைய ஒருவரைத் தலைவராகக் கொண்டு தமிழில் ஒரு பெருங்காப்பியம் எழுந்தது. அதனை இயற்றியவர் இந்த விருத்தாசலத்துச் சீமையிலே நடமாடியவர். அவரைப் பற்றியும், அவர் காலத்துக் கிறிஸ்தவர் தம் சமயத்தை அன்றாட வாழ்க்கையில் எப்படி வைத்துக்கொண்டனர் என்பதைப் பற்றியுமே இன்று பேச விரும்புகிறேன்.

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்னும் அவர் 1680ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டில் மாந்துவா நகரை அடுத்த காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தவர். 1698இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710இல் கோவாவை அடைந்து, மறு ஆண்டில் தமிழ்நாட்டுக்கு வந்தார். முதலில் தைரியநாதர் என்றும், பின்னர் வீரமாமுனிவர் என்றும் அழைக்கப் பெற்றார். அவரைச் சுற்றி வளர்ந்த கதைகள் பல. புலித்தோலாசனம், முத்துக்கடுக்கன், பல்லக்கு, நவாபின் திவான் பதவி என்று அடுக்கிச் சொல்லுவர். 19ஆம் நூற்றாண்டில் முத்துசாமிப் பிள்ளை எழுதிய சரித்திரத்தின் வழியே இவை பரவின. இவற்றை அப்படியே ஏற்க என் மனம் ஒப்பவில்லை. அவர் கையால் எழுதி வைத்த நூல்களே அவருக்குப் போதிய பல்லக்கு.

விருத்தாசலத்தை அடுத்து, முகாசாபரூர்ப் பக்கத்தில், கோணான்குப்பம் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே அவர் அன்னை மரியாளுக்கு ஒரு கோயில் எடுத்தார். அதன் தோற்றம் பற்றி ஊரார் சொல்லும் கதை அழகியது. முனிவர் விருத்தாசலத்துக்கு வரும் வழியில், தாம் எடுத்துவந்த மாதா சிலையை ஒரு புதரில் மறைத்து வைத்தாராம். மாடு மேய்க்கும் சிறுவர் அதைக் கண்டெடுத்து விளையாடினராம். பிள்ளைப் பேறின்றி வாடிய பரூர்ப் பாளையக்காரர் கச்சிராயர் கனவிலே அன்னை தோன்றினாளாம்; அவருக்கு மகவு பிறந்தபின் கோயில் எழுந்ததாம். இக்கதையில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு பக்தி என்று நான் நிறுத்துப் பார்க்கப்போவதில்லை. மாடு மேய்க்கும் சிறுவர் கையில் விளையாட்டுப் பொருளாக இருந்துதான் அந்தச் சிலை ஊருக்குள் வந்தது என்று மக்கள் நினைவு வைத்திருக்கிறார்களே, அதுவே எனக்குப் போதும்.

அந்த அன்னைக்கு முனிவர் இட்ட பெயர் 'பெரியநாயகி'. இங்கே நாம் சற்று நிற்கவேண்டும். விருத்தாசலம் என்பது வடமொழிப் பெயர். திருமுதுகுன்றம், பழமலை என்பன தமிழ்ப் பெயர்கள். மணிமுத்தாற்றங்கரையிலுள்ள அவ்வூர்ச் சிவன் கோயிலில் அம்பிகையின் திருப்பெயர் பெரியநாயகி. முனிவர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சுந்தரர் முதலியோர் பாடிய தலம் அது. அந்த அம்பிகையைப் பற்றியும் ஒரு கதை உண்டு. குருநமசிவாயர் பசியோடு அக்கோயிலில் தங்கி, அம்பிகையை மூத்தவளாக வைத்துப் பாடிச் சோறு கேட்டாராம். "கிழவிக்கு எப்படி அப்பா சோறு கொண்டுவர முடியும்?" என்று கேட்டாளாம் அவள். அவர் இளையவளாக மாற்றிப் பாட, இளநங்கையாய் வந்து அமுது படைத்தாளாம். பசித்தவனுக்குச் சோறு போடும் தாய் என்பதே அந்த வட்டாரத்தில் அப்பெயருக்குரிய பொருள். இத்தாலியிலிருந்து வந்த துறவி, தம் அன்னைக்குப் பெயர் தேடியபோது உரோமாபுரியை நோக்கவில்லை. பக்கத்து ஊர்க் கோயிலை நோக்கினார். சிலையையும் தமிழ்ப் பெண் போலச் சேலை உடுத்த கோலத்தில் அமைப்பித்தார். அதை மணிலாவில் செய்வித்துத் தருவித்தார் என்பது வழிவழி வரும் செய்தி.

இதைத் தந்திரம் என்பாரும் உண்டு. பண்பாடு என்பாரும் உண்டு. அன்றே இவ்விரு கட்சியும் இருந்தன. அந்த வழக்கை உரோமாபுரியே விசாரித்தது. அதற்கு வருமுன், பெயர்களைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கிறிஸ்தவர்களை 'வேதக்காரர்' என்றும், அவர்கள் கோயிலை 'வேதக்கோயில்' என்றும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 'வேதத்தில் சேர்ந்தார்' என்றால் கிறிஸ்தவரானார் என்பது பொருள். பவுல் என்ற பெயருக்கு மூலமான இலத்தீன் சொல்லுக்குச் 'சிறியவன்' என்பது பொருள். ஆகவே அவர் 'சின்னப்பர்' ஆனார். சின்னப்பன் என்று பெயர் கொண்ட உழவனிடம் போய், அது உரோமானியப் பெயரின் தமிழாக்கம் என்று சொன்னால் அவன் சிரிப்பான். யோசேப்பு என்னும் எபிரேயப் பெயர் வளருதல், பெருகுதல் என்னும் பொருளைத் தருவது. வீரமாமுனிவர் தம் காப்பியத் தலைவனுக்கு 'வளன்' என்று பெயரிட்டார். மொழிபெயர்ப்பு என்பதே தெரியாதபடி மொழிபெயர்த்த திறம் அது.

அக்காப்பியமே தேம்பாவணி. 1726இல் நிறைவெய்தியது, மூன்று காண்டங்களும், 36 படலங்களும், 3615 பாடல்களும் கொண்டது. ஸ்பெயின் நாட்டுக் கன்னித்துறவி ஆகிரேதா மரியாள் எழுதிய நூலைத் தழுவிப் பல நிகழ்ச்சிகளை முனிவர் அமைத்தார். ஆனால் யூதேயா நாட்டை வருணிக்கும்போது நம் வயலும் வாய்க்காலும் அங்கே வந்துவிடுகின்றன. தாவீது அரசன் மரபில் தோன்றியும், உளியும் இழைப்புளியும் ஏந்தி உழைத்து உண்ட ஒரு தச்சனைப் பெருங்காப்பியத் தலைவனாக்கியது தமிழுக்குப் புதுமை. போர்க்களத்தில் வென்றவனும், கடல் கடந்து பொருள் ஈட்டியவனும் தலைவராகலாம். மனைவியையும் குழந்தையையும் காத்து, நாள்தோறும் மரம் இழைத்தவனுக்கு அந்த இடத்தை யார் தருவார்? பட்டறை அம்மையார் ஒரே தொடரில் சொன்னதை முனிவர் 3615 பாடல்களில் சொன்னார் என்று வேடிக்கையாகக் கூறலாம்.

ஆனால், ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். தேம்பாவணி எளிய நூல் அன்று. அக்காலத்து உழவரும் நெசவாளரும் அதைக் கேட்டுப் பொருள் உணர்ந்திருப்பர் என்று நான் கருதவில்லை. புலவர் அவைக்குரிய நூல் அது. முனிவரும் அதை உணர்ந்திருந்தார் போலும். காப்பியத்தை முடித்த மறு ஆண்டே, 1727இல், 'வேதியர் ஒழுக்கம்' என்ற உரைநடை நூலை எழுதினார்.

என் மனத்தைக் கவர்ந்த நூல் இதுதான்; மாணவர்கள் பலர் பெயரளவிலேனும் அறியாத நூலும் இதுதான். வேதியர் என்றால் இங்கே அந்தணர் அல்லர். ஊர்தோறும் கிறிஸ்தவ மறையைக் கற்பித்த உபதேசிமார். அக்காலத்து மதுரை மிஷனில் குருமார் மிகச் சிலர். அவர்கள் பொறுப்பிலிருந்த நிலப்பரப்போ மிகப் பெரிது. ஓர் ஊருக்குக் குரு வந்துபோய் மீண்டும் வருவதற்குப் பல மாதங்கள் ஆகும். அந்த இடைக்காலம் முழுவதும் சமயம் யார் கையில் இருந்தது? உபதேசியார் கையில். மாலையில் மக்களைக் கூட்டிச் செபம் சொல்லிக்கொடுப்பவர் அவர். சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர் அவர். பிணத்தை அடக்கம் செய்யும்போது முன்நிற்பவர் அவர். வரப்புச் சண்டையையும் மாமியார் மருமகள் பூசலையும் தீர்த்துவைக்க அழைக்கப்படுபவரும் அவரே. அவர் நம்மைப் போன்ற இல்லறத்தார், தமிழர், பெரும்பாலும் ஏழை. அவருக்கு அவருடைய அழைப்பையும் கடமையையும் நடையுடையையும் எடுத்துச் சொல்லவே முனிவர் இந்நூலை எழுதினார். கற்பிப்பவன் வாழ்வு கற்பித்தலுக்கு மாறாக இருந்தால் எந்தப் பிரசங்கமும் நில்லாது என்பதே அதன் உயிர்நிலை.

'தமிழ் உரைநடையின் தந்தை' என்று முனிவரைப் புகழ்வர். தந்தைப் பட்டம் கொடுப்பதில் நாம் தாராளமானவர்கள். அவருக்கு நூறாண்டுக்கு முன்பே மதுரையில் தத்துவ போதகர் உரைநடை நூல்கள் எழுதியிருக்கிறார். அவருக்கும் முன்னே 1578இல் அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறிவிட்டது. ஆயினும், பேசுவதுபோல ஓடும் தமிழில், நேர்முகமாக ஒருவனை விளித்து, அவன் வீட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதும் துணிவு முனிவரிடம் மிகுதி. பரமார்த்த குருவையும், மட்டி, மடையன் முதலிய ஐந்து சீடர்களையும் நமக்குத் தந்த கை அல்லவா! ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையை நீட்டிப் பார்க்கும் சீடனைப் படைத்தவர், போலிக் குருமாரையும் மூடச் சீடரையும் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கவேண்டும்! புதிதாக வரும் மேனாட்டார் பேச்சுத் தமிழ் பயில்வதற்கென எழுதிய அக்கதை, அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின், 1822இல் இலண்டனில் பாபிங்டன் என்பவரால் அச்சிடப்பெற்றது.

இனி, உரோமாபுரி விசாரித்த வழக்குக்கு வருவோம்.

1703இல் பாப்பரசரின் தூதராக டூர்னோன் என்பவர் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். நோயுற்றிருந்த அவர் உள்நாட்டுக்குள் செல்லாமலேயே, 1704ஆம் ஆண்டில், தமிழ்க் கிறிஸ்தவரிடையே வழங்கிய பழக்கங்களைக் குறித்து 16 பிரிவுகள் கொண்ட கட்டளை ஒன்றைப் பிறப்பித்தார். அதில் விவாதிக்கப்பட்டவை எவை என்று பாருங்கள். மணமகள் கழுத்தில் கட்டும் தாலியில் பிள்ளையார் உருவம் இருக்கலாமா? மஞ்சள் தோய்த்த 108 இழைக் கயிறு ஆகுமா? நெற்றியில் நீறு இடலாமா? பெண் பூப்பெய்தினால் விழா எடுக்கலாமா? மேளம் வாசிப்பவன் கிறிஸ்தவனாகிவிட்டால், கோயில் திருவிழாவில் வாசித்துக் கூலி பெறலாமா? இறைவன் ஒருவனா மூவரா என்னும் தத்துவச் சிக்கல் எதுவும் அங்கே இல்லை. தாலி, கயிறு, நீறு, மேளம் இவையே. ஒரு சமயம் மக்கள் வாழ்க்கைக்குள் நுழைந்துவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேறென்ன வேண்டும்?

பிள்ளையார் தாலியைக் கட்டளை விலக்கியது. சிலுவையோ அன்னை மரியாளின் உருவமோ பொறித்த தாலிக்குத் தடையில்லை. இன்றும் தமிழ்க் கிறிஸ்தவப் பெண்கள் சிலுவைத் தாலி அணிவதைக் காண்கிறோம். அந்தச் சிறு பொன்துண்டில் இவ்வளவு பெரிய வாதம் உறங்குகிறது என்பது அணிபவருக்கே தெரியாது. மேளக்காரன் பாடுதான் கடினமாயிற்று. கோயிலில் வாசிக்கக் கூடாது என்று கட்டளை பிறந்தது. அவன் அந்த ஆண்டுத் திருவிழாக் காலத்தில் எதைக் கொண்டு அடுப்பு மூட்டினான் என்பதை எந்தக் கட்டளையும் எழுதி வைக்கவில்லை.

அக்கட்டளையில் மற்றொரு பிரிவும் இருந்தது. அதைப் பேசாமல் விட்டால் இந்த வரலாறு பொய்யாகிவிடும். ஒடுக்கப்பட்ட மக்கள் நோயுற்றால், குரு அவர்கள் குடிசைக்குள் சென்று திருவருட்சாதனங்களைத் தரவேண்டும் என்பது அது. ஏன் அப்படியொரு கட்டளை தேவைப்பட்டது? குருமார் செல்லவில்லை என்பதனால்தான். உயர்சாதியார் மனம் நோகும் என்று அஞ்சி, நோயாளியைக் குடிசைக்கு வெளியே எடுத்துவரச் செய்யும் வழக்கம் இருந்தது. உயர்சாதியாரிடையே உழைக்கச் சந்நியாசிக் குருமார், மற்றவரிடையே உழைக்கப் பண்டார சாமிகள் என்று குருமாரே பிரிந்து நின்றனர். பெயரிலும் உடையிலும் உணவிலும் தமிழராக மாறியவர்கள், நம் சமுதாயத்தின் ஆறாப் புண்ணையும் தமிழர் வழக்கம் என்று சேர்த்தே ஏற்றுக்கொண்டார்கள். வீரமாமுனிவரின் புலமைக்கு முன் தலைவணங்கும் நான், அவர் சார்ந்த மிஷனின் இந்தச் செயலுக்கு வணங்க இயலாது. வழக்கு நாற்பது ஆண்டுகள் இழுபட்டது. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் என்னும் பாப்பரசர் இறுதித் தீர்ப்பு வழங்கினார். அதுவும் ஒடுக்கப்பட்டோருக்கெனத் தனிக் குருமாரை அமர்த்தும் ஏற்பாட்டுக்கு இசைந்ததேயன்றிப் பிரிவினையை வேரறுக்கவில்லை.

ஆனால் அடுத்த ஆண்டே வேறொன்று நிகழ்ந்தது. அதை நமக்குச் சொல்பவர் ஒரு பாதிரியார் அல்லர். புதுச்சேரியில் வாழ்ந்த வைணவப் பெருமகனார் ஆனந்தரங்கப் பிள்ளை. 1745ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்து நாட்குறிப்பில் அவர் எழுதுகிறார். புதுச்சேரிச் சம்பா கோயிலின் உள்ளே ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு ஒருபுறம் உயர்சாதிக் கிறிஸ்தவர், மறுபுறம் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர். அவ்வாறு ஒதுக்கப்பட்டவர்கள் ஒன்றுகூடிப் பெரிய பாதிரியாரிடம் சென்றனர். நாங்களும் உம்முடைய சீடர் என்பது மெய்யானால் எங்களுக்குள் வேற்றுமை ஏன் என்று கேட்டனர். நியாயம் என்று கண்ட பாதிரியார் அந்தச் சுவரை இடிப்பித்தார். இனி யாரும் எங்கும் இருக்கலாம் என்றார். உயர்சாதியார் வெகுண்டனர், ஊரில் கலகப் பேச்சு எழுந்தது.

இதைப் படிக்குந்தோறும் எனக்கு வியப்பு உண்டாகிறது. உரோமாபுரியில் நாற்பதாண்டு வழக்காடிய மேதைகள் கேட்காத கேள்வியை, எழுத்தறியாத ஏழை மக்கள் ஒரே தொடரில் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்கு அந்தக் கேள்வியைக் கற்றுக்கொடுத்தவர் யார்? மாலைதோறும் குடிசை வாயிலில் அமர்ந்து செபம் சொல்லிக்கொடுத்த, பெயர் தெரியாத யாரோ ஓர் உபதேசியாராக இருக்கலாம். ஒரே தந்தையின் பிள்ளைகள் என்று அவர் சொல்லியிருப்பார். சொன்னவர் அதன் முழுப் பொருளையும் எண்ணியிருப்பாரோ இல்லையோ, கேட்டவர்கள் அதை எழுத்துப் பிசகாமல் நம்பிவிட்டார்கள். சுவர் அதனோடு ஒழிந்ததா என்றால், இல்லை. தென்பாண்டி நாட்டில் வடக்கன்குளத்துக் கோயிலின் உள்ளே சாதியாரைப் பிரித்து எழுந்த சுவர், 20ஆம் நூற்றாண்டிலேதான், நீதிமன்ற வழக்குக்கிடையே நீங்கியது. கல்லறைத் தோட்டங்களில் சாதிச் சுவர்கள் இருந்த செய்திகளை நம் காலத்து நாளிதழ்களிலும் படித்திருக்கிறோம்.

சம்பா கோயில் சுவர் இடிந்த செய்தி முதிய வீரமாமுனிவர் காதுக்கு எட்டியிருந்தால் என்ன நினைத்திருப்பார்? அவர் 1747இல் சேரநாட்டு அம்பலக்காட்டில் உயிர் நீத்தார். கோணான்குப்பத்து அன்னையோ தம் பெயரோடு இன்றும் அங்கே இருக்கிறார். தை மாதத்தில் கொடியேறித் தேர் ஓடுகிறது. வேதக்காரரும் மற்றவரும் நேர்ந்துகொண்டு வருகின்றனர்.

பட்டறையைப் பார்த்துவிட்டு அன்று மாலை பேருந்தில் ஏறினேன். எனக்கு முன் இருந்த மூதாட்டி, இடுப்பு முடிச்சிலிருந்து பணத்தை எடுத்து நடத்துநரிடம் நீட்டி, "பெரியநாயகி கோயிலுக்கு ஒண்ணு குடுப்பா" என்றார். நடத்துநர் சீட்டைக் கிழிக்காமல் கேட்டார்:

"எந்தப் பெரியநாயகி, ஆயா? பழமலையா, கோணான்குப்பமா?"